காலிப் பக்கம்

ஞானதாசுக்கு வலது கையில் இரண்டே விரல். மற்ற மூன்றையும் வாலிபத்தில் வெடித் தோட்டா வீசி மீன் பிடிக்கப்போய் ஏரிக்குக் கொடுத்துவிட்டான். விரல் போனவனுக்குப் புத்தி வரவேண்டும். இவனுக்கு வந்தது கர்வம். வெடியைப் பற்றிக் கோட்டைக்குப்பத்தில் எவனும் தனக்குச் சொல்லித்தர வேண்டாம் என்பான்.

ஏரியில் இன்ன இடம் இன்ன நாளில் இன்னாருக்கு என்று முறைவைத்து வலை போடுவார்கள். அதற்குப் பாடு என்று பேர். எண்பத்தொன்றாம் வருஷம், அவன் பாடு வந்த நாளில்தான் வெடிக்காத இரும்புக் குண்டு ஒன்று வலையில் ஏறியது. ஒரு பக்கம் பருத்து மூடியிருந்தது. மறுபக்கம் செம்புத் தகடு புனல்போல உள்வாங்கி வெறுமனே கிடந்தது. ஏரியை ஒட்டிய கடலில் பீரங்கி சுட்டுப் பழகுகிறவர்களுடையதாக இருக்கும்.

"ஏரியிலயே போட்டுடுய்யா," என்றாள் அவன் பெண்டாட்டி பிலோமினா.

"நாளைக்கு ரங்கன் பாடு. அவன் வலையில மாட்டி அவன் சாவணுமா?"

"அப்போ போலீசுல சொல்லு."

அவன் கையைத் தூக்கிக் காட்டினான். "இந்தக் கையோட போயி வெடி கெடைச்சுதுன்னு சொன்னா வூட்டுக்கு அனுப்புவானா?"

மணல் திட்டில் வைத்து, நெருப்பு மூட்டி வெடிக்கவைத்துவிடத் தீர்மானித்தான். அவளை வீட்டுக்குப் போகச் சொன்னான்.

"உன்ன வுட்டுட்டுப் போவ மாட்டேன்."

அவனுக்குக் கோபம் வந்தது. உள்ளுக்குள் மனசு குளிர்ந்தும் போனது. வெடிமருந்து இருக்கிற பக்கம்தானே எமன், காலிப் பக்கத்தில் என்ன இருக்கிறது? புனலின் வாய்க்கு நேரே, கொஞ்சம் தள்ளி, கவிழ்த்துப் போட்டிருந்த படகின் மறைவில் அவளை உட்காரவைத்தான். நெருப்பு மூட்டிவிட்டு ஓடிவந்து, பருத்த பக்கத்துக்குப் பின்னால் மணல்மேட்டின் அடியில் தான் படுத்துக்கொண்டான். செத்தால் நான் சாகிறேன் என்று நினைத்தான். இத்தனை வருஷக் குடித்தனத்தில் அன்றுதான் தன்னை நல்ல புருஷன் என்று அவனால் சொல்லிக்கொள்ள முடிந்தது.

வெடித்தது. காது அடைத்து, மேலெல்லாம் மண். உடம்பைத் தடவினான், ஒரு கீறல் இல்லை.

"முடிஞ்சுதுடி," என்று சிரித்துக்கொண்டே போனான்.

படகில் சுண்டுவிரல் நுழைகிற அளவுக்கு ஒரு ஓட்டை. இவ்வளவுதானா என்று நினைத்தான். சுற்றிக்கொண்டு அந்தப் பக்கம் போனால், அதே அளவு ஓட்டை அவள் மார்பிலும் இருந்தது.

மறுநாள் ராணுவ அதிகாரி ஒருவர் வந்து பார்த்தார்.

"வெடிச்சதும் அந்தச் செம்புதான் ஈட்டியாகி வாய் வழியாப் பாயும். துப்பாக்கிக் குண்டெல்லாம் அந்த வேகத்துக்குக் கிட்டவே வராது. இரும்பைத் துளைக்கன்னே செஞ்சது. அவங்களை ஏன் முன்னாடி உட்கார வெச்சே? உன்கூட இருந்திருந்தா பொழைச்சிருப்பாங்களே."

ஞானதாஸ் இரண்டு விரலால் வாயைப் பொத்திக்கொண்டான்.

"நல்ல பக்கத்த அவளுக்குக் குடுத்தேன் சார்," என்றான்.