கணக்கில் வராதவர்

மாதத்தில் ஒரு வெள்ளிக்கிழமை, மாலை ஆறு மணிக்கு, கனடாவின் வேலை நிலவரம் வெளியாகும். அங்கே அப்போது காலை எட்டரை. தஞ்சாவூர் கல்லூரியில் புள்ளியியல் நடத்தும் சுடர்விழி, ஒரத்தநாடு திரும்பும் பஸ்ஸில் உட்கார்ந்தபடி அந்த அட்டவணையைத் திறப்பாள். மாண்ட்ரியல், வான்கூவர், கால்கரி எல்லாவற்றையும் தள்ளிவிட்டு டொரண்டோவைத் தேடுவாள்.

அவள் கணவன் பரிதிக்கு அங்கே சாப்ட்வேர் வேலை போனது பிப்ரவரியில். ஊரில் யாருக்கும் சொல்லவில்லை. கேட்பவர்களிடம், "நல்லா இருக்காங்க" என்பாள். வீட்டில் பேச்சுத்துணைக்கு ஆள் கிடையாது. ஒருத்திக்கு மட்டும் உலை வைத்து, டி.வி.யைப் போட்டுவிட்டுச் சாப்பிடுவாள்.

மாதாமாதம் டொரண்டோவில் வேலையில்லாதவர் விகிதம் ஏறிக்கொண்டே வந்தது. அதையே அவனுக்கு ஆறுதலாகச் சொல்வாள். "ஊரே தடுமாறுதுங்க. உங்க மேல என்ன தப்பு?" அவன் "ம்" என்பான். வீடியோவில் முகம் காட்டுவதை ஜூலையிலேயே நிறுத்திவிட்டிருந்தான்.

செப்டம்பரில் அந்த வெள்ளிக்கிழமை வந்தது. குறுவை அறுக்கப் போகும் மிஷின் ஒன்று சாலையை அடைத்துக்கொண்டு ஊர்ந்தது. பின்னாலேயே பஸ்ஸும் ஊர்ந்தது. சுடர்விழி போனைப் பார்த்தாள். விகிதம் கொஞ்சம் இறங்கியிருந்தது. உடனே அவனை அழைத்தாள்.

"இறங்கிடுச்சுங்க! இனிமே வேலைக்குக் கூப்பிட ஆரம்பிச்சிடுவாங்க பாருங்க."

"சுடர், நான் வேலை தேடுறத விட்டு ரெண்டு மாசம் ஆச்சு."

அவளுக்கு உடனே புரிந்தது. போன வாரம்தான் இரண்டாமாண்டு மாணவிகளுக்குக் கரும்பலகையில் எழுதிக் காட்டியிருந்தாள்: தேடுகிறவரைத்தான் வேலையில்லாதவர் என்று எண்ணுவார்கள், தேடுவதை நிறுத்தியவர் அந்தக் கணக்கிலேயே வரமாட்டார். விகிதம் இறங்கியதில் இவன் விலகியதும் சேர்த்தி. அதற்குத்தான் அவள் சந்தோஷப்பட்டிருக்கிறாள்.

"பகல்லாம் என்ன செய்யறீங்க?"

"படுத்திருப்பேன். சில நாள் ரயில்ல கடைசி ஸ்டேஷன் வரைக்கும் போயிட்டு வருவேன்."

"வந்துடுங்க. இங்க பாத்துக்கலாம்."

"எந்த முகத்தோட வரச் சொல்ற?"

இணைப்பு அறுந்தது. திரும்பத் திரும்ப அழைத்தும் அவன் எடுக்கவில்லை. ஒரத்தநாட்டில் எல்லோரும் இறங்கிய பிறகும் அவள் உட்கார்ந்தே இருந்தாள். கண்டக்டர் வந்து, "டீச்சர், ஸ்டாண்டு வந்துடுச்சுங்க" என்றார்.

சனி, ஞாயிறு இரண்டு நாளும், "இருக்கேன்" என்று ஒரே ஒரு செய்திதான் அவனிடமிருந்து வந்தது.

திங்கட்கிழமை மதியம் கல்லூரியில், பக்கத்து மேஜை பாத்திமா டிபன் பாக்ஸைத் திறந்துகொண்டே, "பொங்கலுக்காவது சார் வர்றாரா?" என்று கேட்டாள்.

"அவருக்கு வேலை போயிடுச்சு பாத்திமா. ஏழு மாசம் ஆச்சு."

சொல்லிவிட்டுச் சுடர்விழி தன் டிபன் பாக்ஸை மூடி வைத்தாள். பாத்திமா தன் நாற்காலியை இழுத்துப்போட்டு அருகில் உட்கார்ந்தாள்.