சேமக்காலையில் இல்லாத பெயர்

மூன்றாவது கடவுச்சொல்லும் பிழை என்றது. ஜெனிற்றா அண்ணனின் மடிக்கணினியை, அவனோடு விளையாடும் நிலோஜன் பக்கம் தள்ளினாள். முன்கூடத்தில் ஜெபமாலை தொடங்கியிருந்தது. அண்ணன் மேர்வின் சவப்பெட்டிக்குள் கிடந்தான். நேற்று விடிய வந்த நெஞ்சுவலி அவனை ஆசுபத்திரி வாசல் வரைகூட விடவில்லை.

“விளையாட்டுல கடைசியாச் செத்த அரக்கன்ட பேர்தானக்கா எப்பவும்,” என்று நிலோஜன் தட்டினான். திறந்தது.

சட்டம் போட்டு வைக்க அம்மா கேட்ட அண்ணனின் படம் உடனே அகப்பட்டது. அதை அனுப்பிய பிறகும் அவள் எழும்பவில்லை.

சனிக்கிழமைகளில் மேசையைச் சுற்றியிருந்து பகடை உருட்டி ஆடும் கதை விளையாட்டு அது. ஆளுக்கொரு பாத்திரம், கதையை நடத்துபவன் மேர்வின். பாலங்களையெல்லாம் அழித்துவிட்டு அவன் வரைந்த மட்டக்களப்பு வாவிதான் அவர்களுடைய நாடு. இரண்டு வருடத்துக்கு முன் ஒரு சண்டையில் ஜெனிற்றா பகடையை எறிந்து, “என்ட ஆள் கண்டலியச் சாகடிச்சிரு, நான் இனி வரமாட்டன்” என்று எழும்பிப் போனவள். அதன்பிறகு ஒரே வீட்டில், சாப்பிடக் கூப்பிடும் பேச்சு மட்டும்தான்.

செத்த பாத்திரங்களை அவன், கோயில் கல்லறைத் தோட்டத்தின் பெயரில், ‘சேமக்காலை’ என்ற கோப்புறையில் போடுவான். முப்பத்தொரு பெயர்கள். மேலிருந்து கீழே பார்த்தாள். கீழிருந்து மேலே பார்த்தாள்.

“கண்டலிய எங்கடா வெச்சவன்?”

“தெரியாக்கா. நாங்க கேட்டா, ‘அவ வேலையா இரிக்கா, ஒங்கட சோலியப் பாருங்க’ எண்டுவார்.”

கதவடியில் அம்மா றோசம்மா. “படம் எடுத்திட்டியா புள்ள? அடக்கத்துக்குச் சுவாமி வந்திட்டார்.”

“வாறன்மா.”

கண்டலி என்று தேடினாள். ‘துறை’ என்றொரு கோப்பு வந்தது. சனிக்கு ஒரு வரி, நூற்றுக்கும் மேல்.

‘கண்டலி துறையடியில் நிற்கிறாள். தோணிக்காரன் இன்னும் கயிறு அவிழ்க்கவில்லை.’

திகதிதான் மாறியது. ஓரிடத்தில் மட்டும், ‘மழை. குடை கொடுத்திருக்கிறான்.’ கடைசித் திகதி போன சனி.

“பெட்டி மூடப்போறாங்கக்கா,” என்றான் நிலோஜன். “இத நிப்பாட்டவா?”

“வேணாம். சார்ஜரக் குத்து.”

கூடத்தில் ஜெபம் முடிந்திருந்தது. பெட்டியின் மூடியை இருபுறமும் பிடித்தபடி இரண்டு பேர் அவளுக்காக நின்றுகொண்டிருந்தார்கள்.