லிஃப்ட் இருக்கா?

தண்ணீர் பாட்டிலின் மூடியைத் திருகித் தளர்த்தி அவள் கையில் கொடுத்துவிட்டு, தொப்பியை மூக்குவரை இறக்கிக்கொண்டார் அவர். அவள் விரல்களுக்கு எந்தப் பாட்டிலும் மசியாது. எங்கே போனாலும் பாட்டில் முதலில் அவரிடம் போய்விட்டுத்தான் அவளிடம் வரும்.

"கடைசி நாளுங்க. இந்த ஒரு இடத்துக்காவது இறங்கி வாங்களேன்" என்றாள்.

"எத்தனை படியாம்?"

"நானா கட்டினேன்? போனாத்தான் தெரியும்."

"அப்ப நீ போய்ப் பாத்துட்டு வந்து சொல்லு."

அதற்குமேல் அவரிடம் மல்லுக்கு நிற்பதில் பயனில்லை. அவள் கைப்பையைத் தோளில் மாட்டிக்கொண்டு மற்றவர்களோடு பஸ்ஸை விட்டு இறங்கினாள்.

வேலைக்குப் போன காலமெல்லாம் அவர் லிஃப்ட் மெக்கானிக். லிஃப்ட்காரருக்கு எப்படி முட்டி தேய்ந்தது என்று கேட்காதவர் கிடையாது. "ஓடுற லிஃப்டுக்கு என்னை யாருங்க கூப்பிடுவா? ஓடாததுக்குத்தான் கூப்பிடுவாங்க. அப்புறம் மொட்டைமாடி வரைக்கும் எப்படிப் போறது, பறந்தா?" என்பார். சிரித்து முடித்ததும் கை தானாகவே முட்டியைத் தடவும்.

அடுக்குமாடிக் குடியிருப்புக்காரர்கள் எல்லாரும் சேர்ந்து வந்த சுற்றுலா அது. அவர் வரமாட்டேன் என்றுதான் ஒற்றைக்காலில் நின்றார். "பஸ்லயே உக்காந்திருக்கிறதா இருந்தா வரேன். ஜன்னல் சீட்டு எனக்கு" என்ற நிபந்தனையோடு கடைசியில் இறங்கிவந்தார். சொன்ன சொல் மாறவில்லை. கோட்டையா, கலங்கரை விளக்கமா, எல்லாரும் இறங்குவார்கள். அவர் பஸ்ஸிலேயே இருப்பார். அவள் பார்த்துவிட்டு வந்து பக்கத்தில் உட்கார்ந்து முதலிலிருந்து சொல்லுவாள். நூலகத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவள். எதையும் தலைப்பிலிருந்து தொடங்கித்தான் அவளுக்குப் பழக்கம். சுவர் என்ன நிறம், தரை வழுக்கியதா, காவலாளி யாரைத் திட்டினான் என்று ஒன்றுவிடாமல் சொல்லுவாள். அவர் கண்ணை மூடிக்கொண்டிருப்பார். தூங்குகிறார் என்று பார்ப்பவர்கள் நினைப்பார்கள். அவள் முடித்ததும் தொப்பிக்குள்ளிருந்து ஒரே ஒரு கேள்வி வரும்.

"லிஃப்ட் இருக்கா?"

"இல்லைங்க."

"அப்ப நான் இறங்காதது சரிதான்."

இரண்டாம் நாளிலிருந்து முன்சீட்டு, பின்சீட்டுக்காரர்களும் காதைத் தீட்டிக்கொண்டு கேட்க ஆரம்பித்துவிட்டார்கள். அருவியைப் பார்த்துவிட்டு வந்து அவள் சொல்லி முடித்தபோதும் அவர் அதையே கேட்க, பஸ்ஸே சிரித்தது. "அக்கா, பேசாம கைடோட மைக்கை நீங்க வாங்கிக்குங்க" என்றார் மூன்றாம் மாடி பேங்க்காரர். கைடு ஒரு சின்னப் பெண். "என் பொழப்புல மண்ணைப் போட்டுடாதீங்க சார்" என்று அவளும் சிரித்தாள்.

கடைசி நாளின் கடைசி இடம் ஒரு பழைய வியாபாரியின் மாளிகை. இப்போது அருங்காட்சியகம். சரவிளக்கு, ஆளுயரக் கண்ணாடி, யாரும் உட்காரக்கூடாத நாற்காலிகள் என்று வழக்கமானவைதான். பாதிப்பேர் கடைக்கண்ணால் பார்த்தபடி நடந்தார்கள். மனசு முன்னாலேயே ஊருக்குக் கிளம்பிவிட்டிருந்தது. பின்கட்டுத் தாழ்வாரத்தில் திரும்பியவள் அப்படியே நின்றுவிட்டாள்.

லிஃப்ட் இருந்தது.

தேக்கு மரப் பெட்டி. மடக்கி இழுக்கிற இரும்புக் கதவு. உள்ளே இரண்டு பேர் உட்காரப் பிரம்பு பின்னிய பலகை. பொத்தான் எதுவும் இல்லை. கைப்பிடி வைத்த ஒரு பித்தளை நெம்புகோல்தான். நடக்க முடியாத மனைவிக்காக அந்த வியாபாரி வரவழைத்தது என்று கைடு மைக் இல்லாமலே சொன்னாள். கேட்டுக்கொண்டிருந்தவளுக்கு அது போதவில்லை. அங்கிருந்த காவலாளியைப் பிடித்துக்கொண்டாள்.

"இது எதுல தொங்குது? கயிறா, சங்கிலியா?"

"கயிறுதாம்மா. இரும்புக் கயிறு."

"பெட்டிக்குச் சமமா அந்தப் பக்கம் தொங்குமே, எதிர் எடை, அது எங்க இருக்கு?"

காவலாளி அவளை மேலும் கீழும் பார்த்தார். "நீங்க இந்த லைன்ல இருக்கீங்களா?"

"எங்க வீட்டுக்காரர் இருந்தார். கேப்பார்."

எதிர் எடை சுவருக்குள் இருக்கிறது என்றார். அவள் மனசுக்குள் முடிச்சுப் போட்டு வைத்துக்கொண்டாள். மற்றவர்கள் தோட்டத்தில் குழுவாகப் படம் எடுத்துக்கொண்டபோது அவள் நிற்கவில்லை. அந்த வயதில் அவள் அப்படி விறுவிறு என்று நடந்து யாரும் பார்த்ததில்லை.

டிரைவர் நிழலில் மற்ற டிரைவர்களோடு பேசிக்கொண்டிருந்தவர், ஓடிவந்து கதவைத் திறந்துவிட்டார். ஜன்னலோரம் அவர் அதே இடத்தில், அதே தொப்பியோடு இருந்தார். கையைத் தொட்டாள். சில்லென்று இருந்தது. "இந்த ஏசியை நேரா மேல விட்டுக்கிட்டு உக்காந்தா" என்று முணுமுணுத்து, காற்று வரும் மூடியை வேறு பக்கம் திருப்பினாள்.

எடுத்த எடுப்பில் போட்டு உடைக்கக்கூடாது என்று தீர்மானித்திருந்தாள். வாசலிலிருந்து தொடங்கினாள். சரவிளக்கு, கண்ணாடி, நாற்காலி. மற்றவர்கள் ஏறினார்கள், பஸ் கிளம்பியது. அவள் தாழ்வாரத்துக்கு வந்து, குரலைத் தாழ்த்தி, "நீங்க கேக்கிறதுக்கு முன்னாடி நானே சொல்லிடறேன். லிஃப்ட் இருக்குங்க" என்றாள்.

தொப்பி அசையவில்லை. வேண்டுமென்றே வீம்பு பண்ணுகிறார் என்று நினைத்தாள். மரம், கதவு, பலகை, நெம்புகோல், கயிறு, சுவருக்குள் எடை என்று எதையும் விடாமல் சொன்னாள். சொல்லி முடிக்கும்போது பஸ் ஒரு வளைவில் திரும்பியது. அவர் தலை மெல்லச் சரிந்து அவள் தோளில் வந்து தங்கியது.

நாலு பேர் எதிரில் அவர் ஒருநாளும் அப்படிச் சாய்ந்ததில்லை. அவளுக்கு முகம் சூடேறியது. அசையாமல் உட்கார்ந்திருந்தாள்.

"என்னக்கா, ஹனிமூனா?" என்றார் பேங்க்காரர்.

"சும்மா இருங்க. தூங்குறார்."

பேங்க்காரர் வாயில் விரலை வைத்துக் காட்டினார். கைடு மைக்கின் ஒலியைக் குறைத்தாள். யாரோ திரையை இழுத்து அவர் முகத்தில் வெயில் படாமல் செய்தார்கள். ஓட்டல் வந்து சேரும்வரை அத்தனை பேரும் குசுகுசுவென்றுதான் பேசினார்கள்.

ஓட்டல் வாசலில்தான் தெரிந்தது.

ஆஸ்பத்திரியில் டாக்டர் நிதானமாகப் பேசினார். இதயம் தூக்கத்திலேயே நின்றிருக்கும், வலி இருந்திருக்காது என்றார். அவள் கேட்டது வேறு.

"எப்பன்னு சொல்ல முடியுமா டாக்டர்?"

"துல்லியமா முடியாதும்மா. முன்னபின்ன இருக்கும்."

"நான் திரும்பி வந்து பேசும்போது இருந்தாரான்னுதான் கேக்கிறேன்."

டாக்டர் கையைக் கட்டிக்கொண்டு தரையைப் பார்த்தார். "சொல்லத் தெரியலைம்மா."

டிரைவரிடமும் கேட்டாள். "நீங்க எல்லாரும் இறங்கினப்ப, நீயும் போய்க் காத்து வாங்கிட்டு வாப்பான்னு எனக்குக் கையைக் காட்டினாரும்மா. ஏசியை ஓடவிட்டு, கதவைச் சாத்திட்டுப் போனேன். நான் உள்ளயே இருந்திருக்கலாம்" என்று அவர் அழுதார். அவள்தான் அவரைத் தேற்ற வேண்டியிருந்தது.

பேங்க்காரர் சுவரோரம் நின்றிருந்தார். ஹனிமூன் என்று சொன்ன வாயைக் கைக்குட்டையால் பொத்திக்கொண்டிருந்தார். வெகுநேரம் கழித்துக் கிட்டே வந்தார். "அக்கா, நீங்க சொல்லி முடிச்சதும் தலையைச் சாய்ச்சாரே, நான் பாத்தேனே. கேட்டுட்டுத்தானே சாய்ச்சார்?"

அது சாலையின் வளைவு என்று அவளுக்குத் தெரியும். "ஆமாம்" என்றாள்.

வீடு வந்து, காரியங்கள் முடிந்து, மகன் வேலைக்குத் திரும்பிப் போனான். போவதற்கு முன், "அப்பா கடைசியா என்னம்மா சொன்னார்?" என்று கேட்டான். "போய்ப் பாத்துட்டு வந்து சொல்லுன்னார்" என்றாள். "சொன்னியா?" என்றான். "எல்லாத்தையும் சொன்னேன்" என்றாள். அதில் பொய் இல்லை. கேட்டாரா என்று மகன் கேட்கவில்லை. அவள்தான் இன்னும் கேட்டுக்கொண்டிருக்கிறாள். காய் நறுக்கும்போது, துணி மடிக்கும்போது, கயிறு, சுவருக்குள் எடை என்று வாய் தானாகவே முணுமுணுக்கும். முடித்ததும் கையில் இருப்பதைக் கீழே வைத்துவிட்டுக் காதைக் கொடுப்பாள்.

லிஃப்ட் மோட்டார் ரூம் இரைச்சலில் அவருக்கு வலது காது எப்போதோ போய்விட்டது. அதனால் அவள் எப்போதும், பஸ்ஸிலும், அவருக்கு இடப்பக்கம்தான். கட்டிலில் இன்றும் இடது ஓரத்தில்தான் படுக்கிறாள்.