உள்ளே போன ரிவெட்டுகள்

இங்கிலாந்தில் கீத்லி ஊரின் மாதிரி ரயில் சங்கத்தில், கண்காட்சி நாளன்று ஒருவருக்கு இரண்டில் ஒரு வேலைதான் கிடைக்கும். ரயில் ஓட்டும் நாற்காலி அல்லது டீ கவுண்டர். நார்மன் ஆறு வருடமாக டீ ஊற்றிக்கொண்டிருந்தார்.

தன் கையால் மடித்துப் பற்றவைத்த ஒரு சரக்கு வண்டி, தலைவர் கிளிஃபோர்டின் பூதக்கண்ணாடிக்குத் தப்ப வேண்டும். அப்போதுதான் நாற்காலி.

செவ்வாய்க்கிழமை சமையலறை மேசையில் நார்மன் பித்தளைத் தகட்டை விரித்தார். உள்ளங்கை அகலம். அமிலத்தில் அரித்து எடுத்தது. ஒரு பக்கம் ஊசிமுனை அளவில் ரிவெட் ஆணித் தலைகள். மறுபக்கம் மடிக்க வேண்டிய இடங்களில் மெல்லிய பள்ளக்கோடுகள். பள்ளம் மடிப்புக்கு உட்புறம் வர வேண்டும்; அப்போதுதான் ரிவெட்டுகள் வெளியே தெரியும். அது நார்மனுக்குத் தெரியும். தெரிந்தும், பக்கத்தைச் சரிபார்க்காமல் நான்கு சுவரையும் நிமிர்த்தி, மூலைகளில் ஈயம் வைத்து முடித்த பிறகுதான் மனைவி பெரிலைக் கூப்பிட்டுக் காட்டினார்.

"வழவழன்னு அழகா இருக்கு. உள்ளதான் வேர்க்குரு மாதிரி ஏதோ கெடக்கு" என்றாள் பெரில்.

நார்மன் எட்டிப் பார்த்தார். நூற்று நாற்பது ரிவெட்டும் உள்ளே இருந்தன.

"திருப்பி மடிச்சிடேன்."

"திருப்புனா ஒடிஞ்சு கையோட வந்துடும்."

"அப்ப போர்த்தி மூடு. உங்க கிளிஃபோர்டே ஒரு வண்டிக்குத் தார்ப்பாய் போட்டுத்தானே ஓட்டுறாரு."

நார்மன் டிஷ்யூ தாளுக்குக் கறுப்புச் சாயம் பூசி, வண்டியை மூடி, நூலால் பதினாறு முடிச்சுப் போட்டார்.

புதன்கிழமை மாலை, சங்கம் கூடும் தேவாலயக் கூடம். சரியாக உருள்கிறதா என்று பார்க்க, கிளிஃபோர்ட் அதைத் தன் தார்ப்பாய் வண்டிக்குப் பின்னால் கோத்து இரண்டு முறை தள்ளினார். உருண்டது. பிறகு பூதக்கண்ணாடியை எடுத்தார்.

"மழைக்குப் போர்த்துனியா, பொணத்துக்குப் போர்த்துனியா? சக்கரம் வரைக்கும் தொங்குது."

"உப்பு ஏத்தியிருக்கேன். நனையக் கூடாது."

"நல்லது. உப்பை எறக்கு. நான் ரிவெட்டை எண்ணணும்."

நார்மன் அசையவில்லை. டீ கவுண்டரில் வெந்நீர்ப் பாத்திரம், அவரைத் தேடுவதுபோல் சீறிக்கொண்டிருந்தது.

பொறுமையிழந்த கிளிஃபோர்ட் வண்டியைத் தானே தூக்கினார். கொக்கியைக் கழற்ற மறந்துவிட்டார். அவருடைய வண்டியும் கூடவே எழும்பி, ஊஞ்சலாடி, தலைகுப்புற மேசையில் விழுந்தது. காய்ந்துபோன பசை விட்டுவிட, அதன் தார்ப்பாய் தனியாகப் பறந்தது.

நார்மன் கிளிஃபோர்டின் வண்டியை எடுத்து நிமிர்த்தினார். அதிலும் வெளியே வழவழப்பு. உள்ளே வேர்க்குரு.

கிளிஃபோர்ட் பூதக்கண்ணாடியைச் சட்டைப் பைக்குள் போட்டார்.

"என்ன விழுந்துச்சு?" என்று கூடத்தின் அந்தப் பக்கத்திலிருந்து செயலாளர் வெர்னன் கேட்டார்.

"ஒண்ணுமில்ல, கொஞ்சம் உப்பு" என்றார் நார்மன்.

கிளிஃபோர்ட் தன் வண்டியை மூடினார். நார்மனின் தார்ப்பாயைத் தொடாமலே குறிப்பேட்டில் ஏதோ எழுதினார்.

"சனிக்கிழமை கண்காட்சிக்கு ஒம்பது மணிக்கே வந்துடு. நாற்காலி உன்னுது."

"சரி."

"உன் தார்ப்பாயை எதுல ஒட்டுன?"

"ஒட்டலை. நூல் முடிச்சு."

கிளிஃபோர்ட் வெர்னன் இருந்த பக்கம் ஒரு முறை திரும்பிப் பார்த்துவிட்டு, குரலைத் தாழ்த்தினார்.

"எனக்கும் ஒண்ணு கட்டிக் குடேன். சனிக்கிழமை சின்னப் பசங்க வருவாங்க. தூக்கிப் பாப்பாங்க."