எதிரெதிர் ஜன்னல்கள்

அமெரிக்காவிலிருந்து மார்சி எங்கள் ருமேனிய கிராமத்து ஜெப வீட்டுக்கு ஒரு வாரம் வேதபாடம் நடத்த வந்தாள். நான்தான் மொழிபெயர்த்தேன். ஜூலை வெக்கை தாங்காமல், எதிரெதிர் ஜன்னல் இரண்டையும் திறந்துவிட்டாள். நாங்கள் ஒருநாளும் அப்படித் திறப்பதில்லை.

செங்கடல் கதை பாதியில் இருக்கும்போது பெண்கள் காதை மூடித் துண்டைக் கட்டினார்கள். பிறகு ஒவ்வொருவராக எழுந்து வெளியே போய்விட்டார்கள்.

மார்சிக்குக் கண் கலங்கிவிட்டது. “என் பாடம் பிடிக்கலையா? ஒரு வருஷமா தயார் பண்ணினேனே!”

அவளை இழுத்துக்கொண்டு வெளியே போனேன். எல்லாரும் பிளம் மரத்தடியில் நின்றார்கள்.

“ஏண்டி சவேத்தா, வந்த பொண்ணை அழ வச்சிட்டீங்களே!” என்றேன்.

“ஐயோ அக்கா, பாடம் அருமை! இந்த ஜன்னல்ல பூந்து அந்த ஜன்னல்ல போற காத்து பட்டா காதுவலி வருமே. யாரு படுத்துக் கெடக்கிறது? கடல் பிளந்துச்சா இல்லையா, அதைக் கேட்டுச் சொல்லுங்க.”

நான் சொன்னதும் மார்சி சிரித்துவிட்டாள். “கடலைப் பிளந்ததே காத்துதான்னு சொல்லுங்க!”

“அது திறந்தவெளிம்மா. அங்கே ஜன்னலா இருந்துச்சு?” என்றாள் சவேத்தா. “இங்கேயே உக்காந்து மிச்சத்தைச் சொல்லு.”

அந்த வாரம் முழுக்கப் பாடம் மரத்தடியில்தான். ஒருவரும் எழுந்து போகவில்லை.

ஞாயிறு ஆராதனையில் ஜன்னல் ஒன்று திறந்திருக்க, யாரோ வாசல் கதவையும் திறந்தார்கள். சட்டென்று காதைப் பொத்திக்கொண்டவள் மார்சி.