பின்னறைக்கு வராத சிக்னல்

மெஹ்னாஸ் மருமகளாக வருவதற்கு வெகு நாள் முன்பிருந்தே அமீருதீனின் கல்வீடு விற்பனைக்கு இருந்தது. விற்கும் எண்ணம் மட்டும் அவருக்கு ஒரு நாளும் இருந்ததில்லை.

திருமுடிவாக்கம் பட்டறைகளில் விழுகிற இரும்புக் கழிவை வாங்கி விற்கிற மனிதர் அவர். எந்தப் பொருளானாலும் அதற்கு ஒரு ரேட் ஓடிக்கொண்டே இருக்க வேண்டும், ரேட் கேட்க ஆளில்லாத பொருள் செத்த பொருள் என்பது அவர் கணக்கு. ஆகவே மேற்குத் தாம்பரத்தில் தாம் குடியிருக்கும் வீட்டுக்கும் புரோக்கர் துரையை வைத்துப் பார்ட்டிகளை வரவழைப்பார். சுற்றிக் காட்டுவார், டீ கொடுப்பார், அவர்கள் எந்த விலைக்கு வந்தாலும் அதற்கு ஒரு படி மேலே ஏறி நின்றுகொள்வார். பார்ட்டி வாடிப்போய்ப் புறப்பட்டால் அன்றைக்கு ஒரு பிடி சோறு கூடுதலாக இறங்கும்.

பார்ட்டிகளுக்கு அவர் முதலில் காட்டுவது சுவரைத்தான். மலைக்கல், ஒன்றரை முழம் கனம். "தட்டிப் பாருங்க. கைதான் வலிக்கும். இன்னிக்கு வரைக்கும் இதுல ஒரு ஆணி எறங்கல." உண்மைதான். அந்த வீட்டில் காலண்டர்கூட ஜன்னல் கம்பியில்தான் தொங்கியது.

அப்படிப்பட்ட சுவர் மூன்றைத் தாண்டி மெஹ்னாஸின் அறை. டெலிபோன் இணைப்பும் மோடமும், அவள் கணவன் அக்தர் வாங்கி வைத்த வயர்லெஸ் பெட்டியும் முன்கூடத்தில். அங்கே சிக்னல் பொங்கி வழிந்தது. நடு அறையில் ஒரு கோடு, அதுவும் அதற்கு மனமிருந்தால். பின்னறையில் லேப்டாப்பைத் திறந்தால் ஜன்னல் வழியாகப் பின்தெருவில் யாருடையதோ ஒரு சிக்னல், பூட்டுப் போட்டுக்கொண்டு, எட்டிப் பார்க்கும். சொந்த வீட்டுச் சிக்னல் வராது.

முன்கூடத்திலேயே உட்கார முடியாது. அது மாமா பேரம் பேசுகிற இடம். பொழுது விடிந்தால் இரும்பு வியாபாரிகள் வந்து நிறைந்துவிடுவார்கள். லேத்தில் சீவி விழுந்த ஒரு லோடு இரும்புச் சுருளுக்கு அவர்கள் போடுகிற சத்தத்தைப் போனில் கேட்டால், இந்தியாவில் கலவரம் என்று அமெரிக்காக்காரன் டிவியைப் போட்டுப் பார்ப்பான்.

நாவலூரில், அமெரிக்காவுக்கு வேலை செய்து கொடுக்கும் ஒரு கம்ப்யூட்டர் கம்பெனியில் மெஹ்னாஸுக்கு வேலை. பிரசவ லீவு முடிந்து திரும்பப் போன நாளிலிருந்து அவள் சரியாக உட்கார்ந்து சாப்பிட்டதாக ஞாபகம் இல்லை. கம்பெனி பஸ் மேடவாக்கத்தில் தண்ணீர் லாரிகளுக்கு நடுவே நின்றுவிடும். அவள் புறப்படும்போது குழந்தை சோயா தூங்கும். திரும்பி வரும்போதும் தூங்கும். போன வாரம் பிள்ளை, பாட்டி நஃபீசாவைப் பார்த்து 'ம்மா' என்றது. நஃபீசா பதறிப்போய், "நான் இல்லடி, அவதான்" என்று கையைக் காட்டினாள். பிள்ளை, நீட்டிய கையைப் பார்த்ததே தவிர, அது காட்டிய ஆளைப் பார்க்கவில்லை.

மேனேஜர் ஸ்ரீரங்கனிடம் கெஞ்சி அவள் வாங்கியது ஒரு வாக்கு. வாரத்தில் மூன்று நாள் வீட்டிலிருந்து வேலை பார்க்கலாம். ஆனால் முதலில் ஒரு திங்கட்கிழமை முழுக்க இணைப்பு அறாமல் வேலை செய்து காட்ட வேண்டும். முடியாவிட்டால் வேலையை விடுவதுதான் வழி. வேலையை விட்டால் அக்தர் வாங்கிய கடனை அடைக்க வழியில்லை, விடாவிட்டால் சோயாவுக்கு அம்மா இல்லை. நினைத்தாலே அலுப்பாக இருந்தது.

முதல் திங்கட்கிழமைக்காக அக்தர் இன்னொரு பெட்டியைக் கொண்டுவந்தான். ரிப்பீட்டர். முன்கூடத்துச் சிக்னலை நடு அறையில் வாங்கிப் பின்னறைக்குத் தள்ளிவிடுமாம். காலையில் எப்படியோ தள்ளியது. மத்தியானம் மீட்டிங் நடுவில் நின்றுவிட்டது.

"பேசிட்டே இருந்தீங்க மெஹ்னாஸ், திடீர்னு கிணத்துல விழுந்த மாதிரி ஆயிடுச்சு" என்றார் ஸ்ரீரங்கன். "அடுத்த திங்கள் ஒரு சான்ஸ் பாக்கலாம். அதுக்கு மேல என் கையில இல்ல."

அவள் நடு அறைக்குப் போய்ப் பார்த்தாள். பெட்டி பாலிதீன் உறைக்குள்ளேயே உட்கார்ந்து விளக்கு எரிந்துகொண்டிருந்தது. அதன் இரண்டு ஆன்டெனாவும் அட்டைப்பெட்டியில் பத்திரமாகப் படுத்திருந்தன.

"யாரு இதை மாட்டாம வச்சது?"

"நான்தான்மா" என்றார் அமீருதீன், நல்ல காரியம் செய்தவர் குரலில். "சாம்பிள்னு சொல்லித்தான் எடுத்தாரச் சொன்னேன். திருகிட்டா மரையில தடம் விழுந்துரும். கடைக்காரன் திருப்பி எடுக்க மாட்டான்."

"மாமா, இது இல்லாம அது செவிடு மாமா."

"செவிடா இருந்தா திருப்பிக் குடுத்துடலாம். அதுக்குத்தான சாம்பிள்."

மெஹ்னாஸ் அட்டைப்பெட்டியைப் பிரித்தாள். இரண்டையும் எடுத்துத் திருகினாள். சிக்னல் ஒரு கோடு ஏறியது, அவ்வளவுதான். முதல் சுவரைத் தாண்டி வந்ததே அரைகுறை. அந்த அரைகுறையை வாங்கி ரிப்பீட்டர் யாருக்கு வாரி வழங்கும்?

"சுவத்துல ஒரு ஓட்டை போதும் மாமா. ஒயரைப் பின்னாடி வரைக்கும் கொண்டுபோய் அங்க ஒரு பெட்டி வச்சா முடிஞ்சுது."

"ஓட்டையா?" அவர் நெஞ்சில் போடச் சொன்னதுபோல் கையை வைத்துக்கொண்டார்.

அக்தர் செருப்பைத் தேடினான். அத்தாவும் மனைவியும் நேருக்கு நேர் நின்றால் அவனுக்குக் கடைத்தெருவில் வேலை வந்துவிடும்.

வாசல்படிகள் வழியாகத் தரையோடு ஒயரை இழுத்துப் பார்த்தாள் மெஹ்னாஸ். தவழ்கிற சோயா அதைக் கடித்தாள். கடிக்காத பகுதியை, பார்ட்டி வருகிறது என்று அமீருதீன் சுருட்டி வைத்தார். "ஒயர் கெடந்தா வூட்டு ரேட்டு எறங்கிடும்மா."

ஞாயிற்றுக்கிழமை துரை ஓர் இளம் ஜோடியை அழைத்துவந்தான். "பாய், பார்ட்டி ஸ்ட்ராங்கு. ரெண்டு பேருக்கும் நாவலூர்ல வேலை. மேடவாக்கம் ஃப்ளாட்ல தண்ணிக்கு நாயா அலைஞ்சி பேஜாராகீறாங்கோ. இங்க கெணறு கீதுன்னு சொல்லி வச்சிக்கிறேன்."

சுவர் தட்டிக் காட்டப்பட்டது. கிணறு எட்டிப் பார்க்கப்பட்டது. பின்னறைக்கு வந்ததும் அந்தப் பெண், வினிதா, பையிலிருந்து லேப்டாப்பை எடுத்தாள்.

"அங்கிள், இங்க நெட் வருமா?"

"எல்லா ரூம்லயும் பிச்சிகினு வரும்மா."

சோயாவை இடுப்பில் வைத்துக்கொண்டு மெஹ்னாஸ் கதவோரம் வந்து நின்று வேடிக்கை பார்த்தாள். வினிதா கட்டிலில் வைத்துப் பார்த்தாள், ஜன்னலில் வைத்துப் பார்த்தாள்.

"வரலையே அங்கிள்."

"கொஞ்சம் மேகமா கீது, அதான்."

"வீட்டுக்குள்ளயா?"

கணவன் சிரித்துவிட்டான். வினிதா சிரிக்கவில்லை. "நான் ஆபீஸ் வேலைய வீட்ல பாக்கணும். இந்தச் சுவத்துல ஹோல் போடக் கூடாதுன்னா இந்த ரூம் எனக்கு வேஸ்ட். இதைக் கழிச்சுட்டு மிச்சத்துக்கு விலை சொல்லுங்க."

துருவுக்குக் கழிவு, மண்ணுக்குக் கழிவு, எண்ணெய்ப் பிசுக்குக்குக் கழிவு என்று ஊரார் இரும்பையெல்லாம் கழித்தே வாங்கிப் பழகியவர் அமீருதீன். அவர் வீட்டில் ஓர் அறையையே ஒரு சின்னப் பெண் துருவாகக் கழித்துவிட்டுப் போனாள். அவர் கொடுத்த டீயைக்கூட முழுதாகக் குடிக்கவில்லை.

டம்ளர்களை எடுக்க வந்த மெஹ்னாஸ் மெல்லச் சொன்னாள்: "ஒரு ஓட்டைக்குப் பயந்து ஒரு ரூமு போகுது மாமா."

அவர் எழுந்து போய்ப் போன் போட்டார்.

மத்தியானமே பட்டறையிலிருந்து ட்ரில் மிஷினோடு ஆட்கள் வந்தார்கள். மூன்று சுவரும் அலறின, சோயாவும் அலறினாள். நஃபீசா பிரியாணிச் சட்டியைத் துணியால் மூடியும் பயனில்லை, அன்று ஒவ்வொரு வாய்ச் சோற்றிலும் மலை கொஞ்சம் இருந்தது. ஓட்டைகளுக்குப் பித்தளை வளையம் வைத்து முடிக்கச் சொன்னார் அமீருதீன். "கட்டும்போதே விட்டதுன்னு சொல்லிக்கலாம்."

பின்னறையில் பெட்டியை வைத்து ஒயரைச் செருகியதும் லேப்டாப்பில் எல்லாக் கோடும் நிமிர்ந்து நின்றன. மெஹ்னாஸ் சந்தோஷப்பட்டிருக்க வேண்டும். கல்தூசு படிந்த கட்டிலில் அப்படியே சாய்ந்து தூங்கிவிட்டாள்.

திங்கட்கிழமை இணைப்பு அறவில்லை. காலை மீட்டிங் போயிற்று. சோயா அவள் மடியில் கஞ்சி குடித்தாள், பாதியைக் கீபோர்டுக்குக் கொடுத்தாள். சாயங்கால மீட்டிங்கும் முடிந்து மற்றவர்கள் போனபின், ஸ்ரீரங்கன் மட்டும் ஹெட்போனில் இருந்தார்.

"ஒரு தடவைகூட கட் ஆகல. மூணு நாளுக்கு நான் மெயில் போட்டுடறேன்."

"தேங்க்ஸ் சார்" என்று சொல்ல அவள் வாயைத் திறந்தபோது கதவு திறந்தது. அமீருதீன், பின்னால் துரை, அவனுக்குப் பின்னால் வெள்ளைச் சட்டையில் புதுப் பார்ட்டி.

"இப்ப பாருங்க. இது எங்க மருமக. அமெரிக்காவோட பேசிகினு கீது. காலையிலேர்ந்து லைன் ஒரு தபா அறுந்துச்சான்னு நீங்களே கேளுங்க."

மெஹ்னாஸ் துப்பட்டாவை இழுத்துத் தலையில் போட்டுக்கொண்டாள். வெள்ளைச் சட்டைக்காரர் குனிந்து பெட்டியின் விளக்குகளைப் பார்த்தார். கட்டிலைப் பார்த்தார். அவளையும் பார்த்தார். மூன்று நாள் வீட்டில் என்றால் மூன்று நாளும் இதுதான் என்பது அவளுக்குப் புரிந்தது. பஸ்ஸிலாவது யாரும் அவளைச் சுற்றிக் காட்டியதில்லை.

"கடைசி ரேட்டு என்ன பாய்?" என்றார் வெள்ளைச் சட்டை.

ஸ்ரீரங்கன் காதிலும் அது விழுந்துவிட்டது. "மெஹ்னாஸ், வீடு ஏதாவது விக்கறாங்களா? நான்கூட அந்தப் பக்கம்தான் தேடிட்டிருக்கேன். ரேட் என்ன சொல்றாங்க?"

காதில் ஒரு பார்ட்டி, எதிரில் ஒரு பார்ட்டி. மடியில் பிள்ளை.

"இல்ல சார்" என்றாள், அறையில் எல்லாருக்கும் கேட்கும்படி. "இந்த வீடு விக்கிறதுக்கு இல்ல."

அந்த வார்த்தை அந்த வீட்டில் அதுவரை சொல்லப்பட்டதில்லை. துரை கையிலிருந்த போனைப் பையில் போட்டுக்கொண்டான். "இன்னா பாய், மருமவ இப்டி சொல்லுது?"

அதுவரை கொட்டாவியை அடக்கிக்கொண்டிருந்த வெள்ளைச் சட்டைக்காரர் முதல்முறையாகச் சுவரைத் தொட்டுப் பார்த்தார். "அப்படிச் சொல்லிட்டா எப்படி? பேசினா கூடக் கொறைய வராதா?"

அமீருதீன் மருமகளை ஏற இறங்கப் பார்த்தார். கோபமில்லை. சந்தையில் தன்னைவிடக் கெட்டிக்காரரைக் கண்டால் ஒரு வியாபாரி பார்க்கிற பார்வை அது.

"வாங்க, முன்னாடி போயிடலாம்" என்று மற்றவர்களை வெளியே தள்ளினார். "அது அவங்க ரூமு. அவங்க வாணாம்னு சொல்லிட்டா என் பேச்சு எடுபடாது. நீங்க எவ்ளோ ஏறுவீங்கன்னு சொல்லுங்க, நான் நயமா கேட்டுப் பாக்கறேன்." கதவை இழுத்துச் சாத்துமுன் தலையை மட்டும் உள்ளே நீட்டி, தாழ்ந்த குரலில் சொன்னார்: "இதையே கெட்டியா புடிச்சிக்கம்மா. எவன் வந்தாலும் இந்த ரூமைத் தெறக்காத."

தான் சொன்னது பேரமில்லை என்று விளக்க அவளுக்குத் தெம்பில்லை. "சரி மாமா" என்றாள்.

"மெஹ்னாஸ், லைன்ல இருக்கீங்களா?" என்றார் ஸ்ரீரங்கன்.

"இருக்கேன் சார்" என்று சொல்லிக்கொண்டே எழுந்து போய், உள்பக்கமாகத் தாழ்ப்பாள் போட்டாள்.