பாய்க்கு உள்ளே விட்ட துணி

1

இந்தக் கதை எனக்குத் தானாகத் தோன்றவில்லை. கேட்டு வாங்கப்பட்டது. கீழ்வீட்டில் இருக்கும் என் அக்கா ஒரு நாள் மாடியேறி வந்தாள். "நீதான் கதையெல்லாம் எழுதுறியே, உங்க அத்தானைப் பத்தி ஒண்ணு எழுது. அதுலயாவது அவர் வாயத் திறக்கட்டும்" என்றாள். வேடிக்கையாகத்தான் சொன்னாள். ஆனால் சொல்லிவிட்டு உடனே இறங்கிப் போகாமல் நின்றுகொண்டே இருந்தாள்.

முதலில் இப்படித் தொடங்கினேன்:

கடலையே பார்க்காத கப்பல் ஒன்று, சாப்பாட்டு மேசையின் மேல், காற்றுக்காகக் காத்து

வேண்டாம். எழுதும்போதே எனக்கு எரிச்சல் வந்தது. மேசையில் இருப்பது அத்தான் மரத்தில் செய்த முழங்கை நீளக் கப்பல். பாய்மரங்கள் நட்டாயிற்று, இனிப் பாய் கட்ட வேண்டும். அவ்வளவுதான். (பாய் என்றதும் படுக்கிற பாயை நினைத்துவிடாதீர்கள். அத்தானோடு வேலை செய்பவர் அப்படி நினைத்து, அவ்வளவு சின்னக் கப்பலில் யார் படுக்கப் போகிறார்கள் என்று கேட்டாராம்.)

2

அத்தான் பல்செட் செய்பவர். ஊரில் பாதிப் பேர் வாயில் அவர் கைவேலை இருக்கிறது, அவர் வாயில்தான் பேச்சு இருக்காது. (இதைப் படித்து அக்கா சிரித்தாள். ஆகவே விட்டுவைக்கிறேன்.) அக்கா ஆயத்த ஆடைக் கம்பெனியில் கட்டிங் மாஸ்டர். கம்பெனி வேறு ஊரில் புதிதாக ஒரு யூனிட் திறக்கிறது. அதை நடத்த அவளைக் கூப்பிட்டிருக்கிறார்கள். தினமும் போய்வரக்கூடிய தூரமில்லை. வெள்ளிக்கிழமைக்குள் பதில் சொல்ல வேண்டும்.

அத்தானிடம் கேட்டாள். அவர், "உன் இஷ்டம்" என்றார்.

இந்த இரண்டு சொல்லுக்கு நம்மிடம் எத்தனை அர்த்தம் என்று குடும்பம் நடத்துகிற யாருக்கும் நான் விளக்க வேண்டியதில்லை. தாராளமாகச் செய் என்றும் எடுத்துக்கொள்ளலாம், செய்துதான் பாரேன் என்றும் எடுத்துக்கொள்ளலாம். அக்கா இரண்டாவதை எடுத்துக்கொண்டாள். அன்றோடு அவர்களுக்குள் பேச்சு நின்றது.

என்னிடம் மட்டும் மனதைத் திறந்தாள். "எனக்கு அந்த வேலை வேணும்டி. ஆனா அவர் ஒரு வார்த்தை சொல்லாம நான் கிளம்பினா, விட்டுட்டுப் போன மாதிரி ஆயிடும்."

3

பேச்சு நின்றாலும் வேலை நிற்கவில்லை. பாய் தைத்துத் தருவதாகச் சண்டைக்கு முன்பே ஒத்துக்கொண்டிருந்தாள், வாக்கு மாறுகிறவள் அல்ல. அத்தான் மெல்லிய பருத்தித் துணியை டீத்தண்ணீரில் நனைத்துப் பழுப்பாக்கி, காகிதத்தில் அளவு வெட்டி, இரண்டையும் தையல் மெஷின் மேல் வைத்தார். அக்கா அத்தனையையும் தைத்துச் சத்தமில்லாமல் சாப்பாட்டு மேசையில் வைத்தாள்.

தையலில் ஒரு குறை சொல்ல முடியாது. ஆனால் எல்லாப் பாய்க்கும் ஓரத்தில் உள்பக்கமாகத் துணி மடித்து விட்டிருந்தாள். சட்டைக்கும் ரவிக்கைக்கும் விடுவோமே, பின்னால் உடம்பு போட்டால் பிரித்துக்கொள்ளலாம் என்று. அதே மாதிரி.

அத்தான் ஒரு பாயை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்துக் கேட்டார்.

"கப்பல் குண்டாகுமாம்மா?"

அக்கா சமையலறையிலிருந்து எனக்குப் பதில் அனுப்பினாள். "துணி விடாம வெட்ட என் கைக்கு வராதுன்னு சொல்லுடி. யாருக்குத் தைச்சாலும் நாளைக்கு எப்படி இருப்பாங்கன்னு நெனச்சுத்தான் தைக்கணும்."

நடுவில் நின்ற நான் எதையும் யாரிடமும் சொல்லவில்லை. இரண்டு பேருக்கும் காது நன்றாகவே கேட்கும்.

4

இங்கேதான் எனக்கு அத்தான்மேல் சந்தேகம் வந்தது. மனிதரை அல்ல, கதாபாத்திரத்தைச் சொல்கிறேன்.

பாய்களைச் சுருட்டிக் கட்டுவதாகத்தான் அவர் முதலிலிருந்தே நினைத்திருந்தார், துறைமுகத்தில் நிற்கிற கப்பல் மாதிரி. சுருட்ட வேண்டுமானால் துணி மெல்லிசாக இருக்க வேண்டும். அக்கா தைத்த பாயைச் சுருட்டினால் மெத்தையைச் சுருட்டியது போல் உப்பிக்கொண்டு நின்றது. எல்லாத் தையலையும் பிரித்தாக வேண்டும்.

கப்பலை நகரவிடாமல் நிறுத்திவைக்க நினைக்கும் ஒரு கணவன், தன் மனைவியையும்

இல்லை, இது மலிவான வேலை. அவரிடமே கேட்டுவிட்டேன். சுருட்டினால் கயிறு கட்டும் வேலை பாதி மிச்சம், வேறொன்றுமில்லை என்றார்.

மெழுகு செதுக்கும் கூரான கருவியை எடுத்துப் பிரிக்க உட்கார்ந்தார். ஒரு ஓரத்தில் கொஞ்சம் பிரித்தார். கருவியைக் கீழே வைத்தார். திரும்பவும் எடுத்தார், திரும்பவும் வைத்தார். பிறகு எழுந்துபோய், பல்லுக்கு அச்சு எடுக்கிற பிளாஸ்டரைக் குழைத்து வளைவாக ஒரு அச்சு வார்த்தார். பாய்களை நீர்த்த பசையில் நனைத்து அதன்மேல் காயவைத்தார். மறுநாள் எல்லாப் பாயும் காற்று வாங்கினது போல் வயிறு தள்ளி நின்றன.

"ஏன் அத்தான் பிரிக்கலை?"

"மனசு வரலம்மா. எவ்வளவு அழகா தைச்சிருக்கா."

நேராகப் போய் இதை அக்காவிடம் போட்டுக்கொடுத்தேன். எழுத்தாளர் செய்யக் கூடாத காரியம். தங்கை செய்யலாம்.

5

விரித்த பாயைத் தனியாளாகக் கட்ட முடியாது. ஒருவர் குறுக்குக் கட்டையைப் பிடிக்க, இன்னொருவர் முடிச்சுப் போட வேண்டும். கூப்பிடாமலே அக்கா நாற்காலியை இழுத்து எதிரில் உட்கார்ந்தாள். அத்தான் நூலைப் பிசிறு போக மெழுகில் இழுத்து அவளிடம் ஒரு முனையைக் கொடுத்தார்.

"இழு." "ம்." "விடு." "போதுமா?" "போதும்."

ஒரு சாயங்காலம் முழுக்க இவ்வளவுதான் பேசினார்கள். வாசல் கதவருகே நின்று கேட்ட நான் ஒன்றுவிடாமல் குறித்துக்கொண்டேன். ஒரு முடிச்சில் அத்தான் அக்காவின் சுட்டுவிரலையும் சேர்த்துக் கட்டிவிட்டார், நூலை வெட்டித்தான் எடுக்க வேண்டியிருந்தது. (இது நானாக இட்டுக்கட்டியது. ஆனால் அக்கா படித்துவிட்டு மறுக்கவில்லை.)

வியாழக்கிழமை அக்கா மறுபடி மேலே வந்தாள்.

"எல்லாப் பாயையும் விரிச்சுக் கட்டியிருக்காரே, அப்ப போகச் சொல்றாரா?"

தெரியவில்லை என்றேன்.

"தையலப் பிரிக்க மனசு வரலன்னு சொன்னாரே, அப்ப போகாதேன்னு சொல்றாரா?"

அதுவும் தெரியவில்லை. எழுதுகிறவளுக்கு எல்லாம் தெரியும் என்று யார் கிளப்பிவிட்டார்களோ.

6

அத்தான் பேசுவதாக மூன்று வசனம் எழுதிக் காட்டினேன். முதலாவதில் அவர் அழுதார். அக்கா அதைக் கோடு போட்டு அடித்துவிட்டாள். இரண்டாவதில் கடலையும் காற்றையும் பற்றி ஒரு பத்தி பேசினார். அவளுக்குச் சிரிப்பு தாங்கவில்லை. மூன்றாவதில் மன்னிப்புக் கேட்டார். "எதுக்கு? அவர் என்ன தப்பு செஞ்சார்?" என்று என்மேல் பாய்ந்தாள்.

ஆகவே வெள்ளிக்கிழமை காலை, அவர் பேசும் இடத்தைக் காலியாக விட்டு, கதையை அவரிடமே கொடுத்தேன். கண்ணாடி போட்டுக்கொண்டு முழுவதும் படித்தார். துணி பழுப்பானது டீயில் இல்லை, காப்பியில் என்றார். நான் திருத்தவில்லை. அவர் பேச வேண்டிய இடம் அதுவல்ல.

காலி இடத்துக்கு வந்ததும் பேனா கேட்டார். அக்கா வேலைக்குக் கிளம்பித் தோளில் பையோடு அவர் பின்னால் வந்து நின்றாள். அவர் எழுதினார்:

"போ

அதோடு பேனா நின்றது. நம் மொழியில் போகாதே என்பதும் இப்படித்தான் தொடங்குகிறது. போயிட்டு வா என்பதும்தான். போகலாம், ரெண்டு பேருமே என்பதும்தான். பிடித்ததை நீங்களே எழுதி மேற்கோளை மூடிக்கொள்ளுங்கள், நான் குறுக்கே வரமாட்டேன்.

அக்காதான் அவரை மேலே எழுதவிடவில்லை. பேனா பிடித்த கையின் மேல் தன் கையை வைத்தாள்.

"எழுத வேணாங்க. என்கிட்ட சொல்லுங்க."

அத்தான் கண்ணாடியைக் கழற்றினார். நான் காகிதத்தை எடுத்துக்கொண்டு மாடிக்கு வந்து கதவைச் சாத்திக்கொண்டேன். அவள் கேட்டது ஒரு வார்த்தைதான். கீழே அவர் இன்னும் பேசிக்கொண்டிருக்கிறார்.